தனித் தொகுதியை ஏற்ற ஊர் தனி ஊராட்சியை ஏன் ஏற்க மறுத்தது?

வைகைக்கரை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் அரசியல் அறிவியலில் முதுகலை படிக்கிறேன். உள்ளாட்சி இட ஒதுக்கீட்டைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. நூலகத்தில் கிடைத்தவற்றைப் படித்துவிட்டேன். ஊருக்குள் இருந்து பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. எங்கள் மதுரை மாவட்டத்தில் சோழவந்தான் 2011 தேர்தலிலிருந்து தனித் தொகுதியாக இருக்கிறது. அங்கே எல்லாச் சாதியினரும் வரிசையில் நின்று இரட்டை இலைக்கோ உதயசூரியனுக்கோ வாக்களிக்கிறார்கள். வேட்புமனுவைத் தாக்கல் செய்யவிடாமல் யாரும் யாரையும் மறித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996இல் முதல் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது இதே மாவட்டத்தில் நடந்தது வேறு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் தலைவர் பதவி தனியாக ஒதுக்கப்பட்டதை ஏற்காமல், மனுவே இல்லாமல் செய்தார்கள். யாரேனும் தேர்வானாலும் உடனே விலகல் கடிதம் கொடுக்க வைத்தார்கள். 2006 அக்டோபர் வரை பத்து ஆண்டுகள் இது நீடித்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவரே கொல்லப்பட்டது அனைவரும் அறிந்ததே.

ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே வாக்காளர்கள். சட்டமன்றத்துக்குப் பட்டியல் சாதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மனம் ஒப்பியவர்களுக்கு ஊராட்சித் தலைவராக அதே சமூகத்தவரை ஏற்க ஏன் மனம் ஒப்பவில்லை? சாதி மனநிலை என்று ஒரே சொல்லில் விடை தருகிறார்கள். அந்த மனநிலை சட்டமன்ற வாக்குச்சாவடிக்குள்ளும் இருந்ததுதானே? எனவே அந்த விடை எனக்குப் போதவில்லை. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இன்று அந்த ஊர்களிலெல்லாம் தேர்தல் அமைதியாக நடக்கிறது. 2021 அக்டோபர் 2 அன்று அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டிக்கே சென்று கிராம சபையில் உட்கார்ந்தார். அப்படியானால் உண்மையில் மாறியது எது?

ஊராட்சி உதவியாளர் (ஓய்வு):

மாணவிக்கு வணக்கம். நான் இரண்டு ஊராட்சிகளில் உதவியாளராகவும் பிறகு செயலராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். சட்டமன்ற உறுப்பினர் ஊருக்குள் வாழ்வதில்லை. ஊராட்சித் தலைவர் வாழ்கிறார். சட்டமன்றத் தேர்தலில் வாக்காளர் சின்னத்துக்குத்தான் வாக்களிக்கிறார். அந்தச் சின்னத்துக்குப் பின்னால் கட்சித் தலைவரின் முகம்தான் அவருக்குத் தெரிகிறது. வேட்பாளர் யாராக இருந்தாலும் அவருக்குத் தலைகுனிவு கிடையாது. கிராம ஊராட்சித் தேர்தலோ கட்சி இல்லாத தேர்தல். பூட்டு சாவி, கட்டில், ஆட்டோ என்று சுயேச்சைச் சின்னங்கள்தாம் இருக்கும். பூட்டு சாவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு தலைவரும் இல்லை. வாக்குச்சீட்டில் குத்துகிற முத்திரை நேரே எதிர்வீட்டு முகத்தின் மேல் விழுகிறது. நேற்றுவரை தன் வயலில் களையெடுத்தவரிடம் நாளைக்கு வீட்டுவரி ரசீதுக்குப் போய் நிற்க வேண்டும் என்பதை அவன் அந்த நொடியில் உணர்கிறான்.

அந்தப் பதவியின் கையில் என்னென்ன இருந்தன என்பதையும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை இயக்குபவரை வைப்பதும் மாற்றுவதும், எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்பதும், கண்மாய் மீன் ஏலமும், மரங்களை ஏலம் விடுவதும், வீட்டு வரைபட அனுமதியும், பிறகு 2000களின் கடைசியில் வந்த நூறு நாள் வேலையின் வேலைத்தளமும் அந்த மேசையைத் தாண்டித்தான் போயின. தலைமுறை தலைமுறையாக ஊர்க்கூட்டத்தில் நாலைந்து குடும்பங்கள் முடிவு செய்துவந்த காரியங்கள் இவை. சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தபோது ஊர் எதையும் இழக்கவில்லை. தலைவர் நாற்காலியை விட்டுக்கொடுத்தால் கண்மாயும் தொட்டியும் சேர்ந்து போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுதந்திர தினத்தில் கொடிக்கயிற்றைப் பிடிக்கும் கை யாருடையது என்பதும் சின்ன விஷயமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. 2020இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவர் கொடியேற்ற விடப்படவில்லை என்றும், கடலூர் மாவட்டத்தில் மற்றொரு பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார் என்றும் செய்திகள் வந்தபோது, நாற்காலி கிடைத்தும் அதில் உட்கார முடியாமல் இருப்பது எப்படி என்று நாடு பார்த்தது. எனக்கு அது புதிய காட்சியாக இருக்கவில்லை.

இனி, ஆய்வாளர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன். அதுதான் இரண்டாவது கையெழுத்து. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. ஊர்ப்பக்கத்து வார்டுகள் ஆறும் காலனிப்பக்கத்து வார்டுகள் மூன்றும் இருக்கும் ஊராட்சியில் துணைத் தலைவர் யாராக வருவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2006இல் நான் வேலை பார்த்த தனி ஊராட்சியில் ஒரு பெண் தலைவராக வந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் கணக்கில் தவறு செய்யமாட்டார். ஒரு கோடையில் காலனி ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரில் காயில் எரிந்துபோனது. கழற்றி டவுனில் பட்டறைக்குக் கொண்டுபோனோம். இரண்டே நாளில் சுற்றி முடித்துவிட்டார்கள். பழைய பாக்கியும் சேர்த்துப் பணம் வந்தால்தான் மோட்டாரைத் தருவோம் என்றார்கள். தலைவர் அன்றே காசோலையில் கையெழுத்திட்டார். நான் அதை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு துணைத் தலைவரின் தோட்டத்துக்குப் போனேன். அவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் மடை மாற்றியபடியே, "கை ஈரமா இருக்கு, வச்சிட்டுப் போங்க கிளர்க்கு, பார்ப்போம்" என்றார். மறுநாள் போனேன், சந்தைக்குப் போயிருந்தார். அதற்கு மறுநாள் தீர்மானத்தில் ஒரு வரி சரியில்லை என்றார். பதினொரு நாள் அந்தக் காசோலை ஒரு கையெழுத்தோடு என் பையில் கிடந்தது. பதினொரு நாளும் காலனிப் பெண்கள் குடத்தோடு வயல் கிணறுகளுக்கு நடந்தார்கள். துணைத் தலைவர் ஒரு நாளும் தலைவரைத் திட்டவில்லை, மிரட்டவில்லை, புகார் கொடுக்கும்படியான எதையும் செய்யவில்லை. ஊர்ப்பக்கம் இதைத்தான் பேசினார்கள்: "நம்ம ஆளு தலைவரா இருந்தப்ப தண்ணிக்கு இப்படி வந்ததே இல்லை."

இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று புகார் மேலே போனால் சட்டத்தின் 203ஆவது பிரிவைக் கொண்டு காசோலை அதிகாரத்தையே எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்துவிடுவார்கள். அப்போதும் இழப்பவர் தலைவர்தான். துணைத் தலைவர் இழப்பதற்கு என்ன இருக்கிறது? கொலையும் மனுத்தடுப்பும் செய்தித்தாளில் வரும். ஈரக் கை எந்தச் செய்தித்தாளிலும் வராது. உங்கள் ஆய்வேட்டில் அதற்கு ஒரு பக்கமாவது கொடுங்கள், அம்மா.

மேலூர்ப் பக்கம்:

செயலர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. 1997இல் எனக்கு ஒன்பது வயது. மேலூர் வட்டத்தில் ஒரு காலனியில் வளர்ந்தேன். மேலவளவில் 1996 டிசம்பரில் வாக்குப்பெட்டிகளைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். மறுவாக்குப்பதிவு நடத்தித்தான் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரைக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் அவரும் துணைத் தலைவர் மூக்கனும் இன்னும் நால்வரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றம் வரை அது உறுதியானது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேர் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலையானார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் உள்ளாட்சித் தேர்தல். எங்கள் தெருவில் வேட்புமனு வாங்கி வைத்திருந்த ஒருவர் அந்த வாரம் அதை நிரப்பாமலேயே வைத்துவிட்டார். இந்த இரண்டையும் தொடர்புபடுத்த ஆதாரம் உண்டா என்று கேட்டால், அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன் என்பது மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

செயலர் ஐயா பதவியின் அதிகாரத்திலிருந்து தொடங்கினார். நான் நிலத்திலிருந்து தொடங்குகிறேன். 1996இல் எங்கள் தெருவில் நிலம் வைத்திருந்த வீடுகள் இரண்டே இரண்டு. மற்ற எல்லோருக்கும் நடவு, களை, அறுப்பு எல்லாம் ஊர்க்காரர் வயலில்தான். மாட்டுக்குப் புல் அறுப்பதும் அவர்கள் வரப்பில்தான். ஊர்க்கூட்டத்தில் ஒரு சொல் விழுந்தால் மறுநாள் காலையில் ஒருவருக்கும் வேலை இருக்காது, கடையில் கடன் இருக்காது. அந்த நிலையில் மனுத்தாக்கல் செய்வது என்பது தெருவே பட்டினி கிடக்க ஒப்புக்கொள்வதாகும். வேட்பாளரை ஊர்க்காரர்கள் தடுப்பதற்கு முன்பே எங்கள் பெரியவர்களே தடுத்துவிடுவார்கள்; அவர்களைக் கோழைகள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அதனால்தான், மாறியது எது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் தேர்தலைச் சுட்டிக்காட்டமாட்டேன். மாறியது கூலி. என் அண்ணன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். சித்தப்பா கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். நூறு நாள் வேலை 2008இல் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்தபோது அம்மாவின் கையில் யாரிடமும் கெஞ்சாமல் வாங்கிய பணம் முதல்முறையாக வந்தது. ஊர் வேலை கொடுக்காவிட்டாலும் அடுப்பு எரியும் என்று ஆன பிறகுதான் ஊரின் சொல்லுக்கு இருந்த எடை குறைந்தது. 2006இல் அதிகாரிகள் எடுத்த முயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசியதை எங்கள் பக்கத்தில் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அந்தத் தலைவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா எடுத்ததும் எங்கள் தெருக்களுக்குப் பெரிய செய்தி. ஆனால் விழா முடிந்து திரும்பியவர் இறங்கியது அதே பேருந்து நிறுத்தத்தில்தான்.

இனி நான் மிகவும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. ஊர் இப்போது தனி ஊராட்சியை எதிர்ப்பதில்லை. அதைக் கையாளக் கற்றுக்கொண்டுவிட்டது. 2019 டிசம்பரில் எங்கள் ஊராட்சி தனி. காலனியில் ஏறக்குறைய முந்நூறு வாக்கு. ஊர்ப்பக்கம் அதைப்போல மூன்று மடங்கு. காலனியிலிருந்து நால்வர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஊரின் பெரிய வீடு ஒன்றில் டிராக்டர் ஓட்டுபவர். அவருடைய கட்டுப்பணத்தைக் கட்டியது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் பதவிக்குக் கட்டுப்பணம் 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 300 ரூபாய். அந்த 300 ரூபாயில் ஒரு ஊராட்சியை வாங்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. காலனி வாக்கு நான்காகச் சிதறியது. ஊர் வாக்கு ஒரே கட்டாக அவருக்கு விழுந்தது. காலனியில் அவருக்கு நாற்பது வாக்குகூட விழவில்லை. அவர்தான் வென்றார். அவர் கெட்டவர் அல்லர், என்னோடு படித்தவர். ஆனால் ஒரு தீர்மானம் போடுவதற்கு முன் எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

மாணவி அவர்களே, உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தனித் தொகுதியை ஊர் ஏற்றது ஏன்? அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது காலனி அல்ல, கட்சி. வெற்றியைத் தீர்மானிப்பதும் பெரும்பான்மையாக இருக்கும் மற்றவர்களின் வாக்கு. 1932இல் பூனா ஒப்பந்தத்தின் வழியாகத் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டுப் பொது வாக்கோடு கூடிய தனி இடங்களை ஏற்க நேர்ந்தபோது அம்பேத்கருக்கு இருந்த அச்சமே இதுதான்: பட்டியல் சாதியினரின் பிரதிநிதி யார் என்பதைப் பிறரே தீர்மானிப்பார்கள் என்ற அச்சம். சட்டமன்றத்தில் கட்சி செய்துவந்ததை ஊராட்சியில் ஊரே நேரடியாகச் செய்யக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. கற்றுக்கொண்டபிறகு எதிர்ப்புக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. அமைதியாகத் தேர்தல் நடப்பதைப் பார்க்கும்போது எனக்குள் எழும் சந்தேகம் இது.

தேர்தல் பணி ஆசிரியை:

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2019 டிசம்பரில் ஒரு தனி ஊராட்சியில் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன். மேலூர் நண்பர் சொன்னதோடு சேர்த்து வைக்க ஒரு காட்சி மட்டும் என்னிடம் இருக்கிறது.

கிராமப்புறத்தில் ஒருவர் நான்கு வாக்குச்சீட்டுகள் போட வேண்டும். ஊராட்சி வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழுவுக்குப் பச்சை, மாவட்டக் குழுவுக்கு மஞ்சள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நான்கையும் வாங்கிக்கொண்டு, இளஞ்சிவப்பை மட்டும் மேசையில் வைத்து, "இது எனக்கு வேண்டாம் டீச்சர், மத்த மூணும் போதும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உப்பு வேண்டாம் என்பது போலச் சொன்னார். அவருக்குப் பின்னால் காலனியிலிருந்து வந்த ஒரு பாட்டி நின்றிருந்தார். அவர் இளஞ்சிவப்பை மட்டும் தனியாக எடுத்து, "தண்ணிக்கு இதுதானே தாயி?" என்று உறுதி செய்துகொண்டு, அதை முந்தானைக்குள் பிடித்தபடி மறைப்புக்குள் போனார்.

பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் இருந்தன. அவற்றை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. செயலர் ஐயா சொன்ன சின்னத்துக்கும் முகத்துக்குமான வேறுபாட்டை நான் ஒரே மேசையில் நான்கு நிறங்களில் பார்த்தேன்.

வீர்பூம் வாசகன்:

மேலூர் நண்பரின் அனுபவத்தை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் 'ஊர் நிறுத்திய ஆள்' என்பதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஒதுக்கீட்டின் விளைவு பதவியில் இருப்பவரிடம் மட்டும் தெரிவதில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடமும் தெரிகிறது.

மேற்கு வங்கத்தில் எந்த ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பது குலுக்கல் போன்ற முறையில் முடிவானதால், ஒதுக்கப்பட்ட ஊர்களையும் ஒதுக்கப்படாத ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் வீர்பூம் மாவட்டத்திலும் இராஜஸ்தானின் உதய்ப்பூரிலும் ஆராய்ந்து, பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டதைக் காட்டினார்கள். குடிநீர் அந்த ஊர்ப் பெண்கள் அதிகமாக முன்வைத்த கோரிக்கை. பின்னால் நடந்த ஆய்வொன்றில், ஒரே அரசியல் பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊரார்க்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரைப் பார்த்தே இராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலைத் தாழ்வாக மதிப்பிட்டார்கள். ஒதுக்கீட்டைக் கண்ட ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. இரண்டு முறை ஒதுக்கீடு கண்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், கூடுதலாக வென்றார்கள்.

தமிழ்நாட்டில் பெண்களுக்கு 2016 சட்டத் திருத்தத்தால் பாதி இடங்கள் வந்தன. 2019இல்தான் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. கணவர் நிழலில் பலர் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் முதல் ஐந்தாண்டில் கணவர் பின்னால் நின்ற பெண் இரண்டாவது ஐந்தாண்டில் எங்கே நிற்பார் என்று பார்ப்பதற்குள் ஒதுக்கீட்டுச் சுழற்சி மாறிவிடக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண் தலைவருக்குப் பழகியதுபோலச் சாதிக்கும் ஊர் பழகிவிடும் என்று இந்த ஆய்வுகளை நீட்டிப் படிக்கக் கூடாது. பெண்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். காலனி ஊருக்கு வெளியே இருக்கிறது.

மேலூர்ப் பக்கம்:

கடைசி வரிக்காக நன்றி. பார்த்துப் பழகுவது பற்றி நீங்கள் சொன்னதை நான் முழுவதும் மறுக்கவில்லை. என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி ஆண்டுவிழாவில் தலைவருக்கு, அதாவது நான் மேலே எழுதிய அதே நண்பருக்கு, மேடையில் சால்வை போட்டார்கள். "அவரு நம்ம தெருதானே அப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவர் எந்த வாசலில் நிற்பார் என்பதை அவளிடம் இப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை அவள் பார்த்ததும் உண்மைதானோ என்று அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைகைக்கரை மாணவி:

எல்லோருக்கும் என் நன்றி. நான் வேட்புமனுவையும் வாக்கு எண்ணிக்கையையும் மட்டுமே தரவாக வைத்திருந்தேன். தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்துதான் கதை தொடங்குகிறது என்பது இப்போது புரிகிறது. செயலர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டாவது கையெழுத்து தாமதமான நாள்களைப் பதிவேடுகளிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். எனவே அதற்கு முந்தைய காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ள நினைக்கிறேன்.

ஊராட்சி உதவியாளர் (ஓய்வு):

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். மூன்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் செலவை அனுமதித்த கூட்டத்தின் தேதி, செலவுச் சீட்டில் பட்டறைக்காரரோ கடைக்காரரோ கொடுத்த பில்லின் தேதி, வங்கிக் கணக்கு அறிக்கையில் பணம் இறங்கிய தேதி. காசோலையில் எழுதிய தேதியை மட்டும் நம்பாதீர்கள். கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த காசோலையை மாற்றிப் புதிய தேதியில் எழுதுவது உண்டு. ஒரே ஊராட்சியில், பொதுவாக இருந்த காலத்தையும் தனியாக இருந்த காலத்தையும் ஒப்பிடுங்கள். அதே பட்டறை, அதே மோட்டாராக இருந்தால் இன்னும் நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு மனுப் போடும்போது 'எல்லாப் பதிவேடுகளும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. குடிநீர்ப் பராமரிப்புச் செலவுச் சீட்டுகள், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என்று குறுக்கிக் கேளுங்கள்.

இன்னொன்று. தீர்மானப் புத்தகத்தில் உறுப்பினர்கள் கையெழுத்திட்ட வரிசையைப் பாருங்கள். என் ஊராட்சியில் அந்த அம்மாளின் கையெழுத்து முதல் ஆண்டில் பக்கத்தின் அடியில், எல்லோருக்கும் பிறகு, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். தலைவர் கையெழுத்து மேலேதான் வர வேண்டும் என்று நான் சொல்லியும் அவர் காத்திருந்து கடைசியில்தான் போடுவார். மூன்றாம் ஆண்டில் ஒரு கூட்டத்தில், புத்தகத்தை மேசையில் வைத்ததும் அவரே இழுத்து முதலில் போட்டுவிட்டுத் துணைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கத்தை நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

மோட்டாருக்காக நான் நடந்த நாள்களை ஒரு பழைய டைரியில் காசோலை எண்ணோடு குறித்து வைத்திருக்கிறேன். ஊர்ப்பெயரை மறைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் தருகிறேன்.